டாக்டரின் அக்கம்பக்கம்

டாக்டர் செத்துப்போய்விட்டாராம்.

கறுப்புத் தண்ணீர் ஓடும் காட்டாற்றங்கரை ஊரான பார்செலோஸில் இந்தப் பேச்சு கிளம்பியது எடில்சாவின் டக்காக்கா கடையில். சுரைக்குடுவையில் அவள் ஊற்றித் தரும் சூடான மரவள்ளிச் சாற்றில் ஒரு கீரை மிதக்கும். இரண்டு வாய் மென்றால் நாக்கு மரத்துப்போகும். மரத்த நாக்கை வைத்துக்கொண்டே மனிதர்கள் இவ்வளவு பேசுகிறார்களே, மரக்காவிட்டால் என்னதான் பேசுவார்கள் என்பது ஆற்றங்கரையில் வெகுநாளாக விடை கிடைக்காத கேள்வி.

“போன வாரமே முடிஞ்சு போச்சாம். சத்தமில்லாம தூக்கி ஆத்துல போட்டுட்டு, மனாவுஸ் பட்டணத்துலேருந்து அதே சாயல்ல வேற ஒண்ணு வரவழைச்சிருக்காங்களாம்.”

“யாரு பாத்தது?”

“பாத்தாத்தான் தெரியுமாக்கும்? ஜூசிலேனி மூஞ்சியப் பாரு, தெரிஞ்சுரும்.”

டாக்டர் ஒரு மீன். டிஸ்கஸ் மீன். சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரங்களில் நீலக்கோடு வரைந்து, நடுவில் கட்டை விரலால் மை தீற்றியதுபோல ஒரு கறுப்புப் பட்டை போட்டால் எப்படியோ அப்படி. பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று கேட்கக்கூடாது. இந்த ஊரில் இஸ்திரி போட்ட சட்டை போட்டவரெல்லாம் டாக்டர்தான். சட்டையே இல்லாமல் இவ்வளவு மிடுக்கோடு ஒருவர் நிற்கும்போது பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஊர் இரண்டு கட்சி. ஒன்று டிஸ்கஸ் கட்சி, கறுப்பும் மஞ்சளும். மற்றது கார்டினல் கட்சி, சிவப்பும் நீலமும். கார்டினல் என்பது சுண்டுவிரலில் பாதிகூட வராத ஒரு பொடிமீன். ஆனால் கறுப்புத் தண்ணீருக்குள் அது திரும்புகிற திருப்பத்தில் நீலமும் சிவப்பும் மின்கம்பி அறுந்ததுபோல வெட்டும். ஆண்டுக்கொரு முறை மீன் திருவிழா வரும். அன்று இரண்டு கட்சியும் அரங்கில் ராட்சத மீன்களை இழுத்து வந்து, ஆடிப் பாடி, நடுவர்களிடம் மதிப்பெண் வாங்கும். திருவிழா மாதத்தில் டிஸ்கஸ்காரர் வீட்டில் தக்காளி வாங்குவதற்குக்கூட யோசிப்பார்கள். கார்டினல்காரர் வீட்டில் வாழைப்பழம் பழுத்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இதில் வேடிக்கை, ஊர் முழுக்கப் பிழைப்பது கார்டினலைப் பிடித்து விற்றுத்தான். டிஸ்கஸ்காரர்களும்தான். வயிற்றுக்கு ஒரு மீன், மார்தட்டிக்கொள்ள ஒரு மீன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் வாழ்வதற்குப் பெயர்தான் கொள்கை.

டாக்டர் குடியிருந்தது டிஸ்கஸ் கட்சிக் கொட்டகையில், சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியில். திருவிழாவுக்கு முந்தைய மாதம் தொட்டிமேல் மஞ்சள் துணியைப் போர்த்திவிடுவார்கள். கோயிலில் திரை போட்டதுபோல. ஊர்வலத்தன்று கட்சித் தலைவர் எல்லார் முன்னாலும் துணியை விலக்குவார், கூட்டம் கத்தும், டாக்டர் முன்னுக்கு வந்து காட்சி கொடுப்பார். அதுவரை சாவி வைத்திருப்பவரைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது.

வதந்தியைச் சோதிக்க வழி சுலபம். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் போதும். கொட்டகையின் பலகைச் சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை இருப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் வதந்தி கிளம்பிய பிறகு யாரும் நுழையவில்லை. டாக்டர் செத்தால் ஊர் தாங்கிக்கொள்ளும். ஒரு நல்ல வதந்தி செத்தால் தாங்காது. ஆகவே அந்தப் பாவத்தை நாமே செய்துவிடலாம். மதிய நேரம், வெயில் தகரக் கூரையை நெளிய வைக்கிற பொழுது. துணியைத் தூக்குகிறோம்.

டாக்டர் சாகவில்லை. ஆனால் அதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

தொட்டியின் பின்மூலையில், மூக்கைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு, உடம்பு முழுக்கக் கரிபிடித்த தோசைக்கல்லைப்போல் கறுத்து நின்றார். துடுப்பின் ஓரங்கள் நைந்திருந்தன. விலாவில் வட்டமாக ஒரு புண். வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. எதிரே கவிழ்த்துப்போட்ட பெட்டியின் மேல், முழங்கையைத் தொடையில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி, ஏறக்குறைய அதே முகத்தோடு ஜூசிலேனி உட்கார்ந்திருந்தாள்.

ஜூசிலேனிக்குச் சின்ன வயதிலிருந்தே ‘கனாக்காரி’ என்று பேர். டெமெனி ஆற்றின் மேல்பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் வெள்ளத்தில் மூழ்கிய காட்டுக்குள் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பொடிமீன் பிடிப்பார்கள். இவளை வலையைப் பிடிக்கச் சொன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வலையோடு சேர்ந்து உள்ளே விழுவாள். “இவள மீனு பிடிக்கக் கூட்டிட்டு வந்தா, மீனுல்ல இவளப் பிடிக்குது” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வளர்ந்தாள், கல்யாணம் நடந்தது, பார்செலோஸ் பள்ளிக்கூடச் சமையல்காரி ஆனாள். அண்டா நிறைய பயறு கொதிக்கும்போது அதில் எழும்பி உடைகிற குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நின்று அடிப்பிடிக்க விட்டதும் உண்டு. புருஷன் ஒரிஸ்மார் மனாவுஸ் போய்வரும் சரக்குப் படகில் வேலை; மாதத்தில் பாதி தண்ணீரில். பள்ளியில் பிள்ளைகளின் கூச்சல், வீட்டில் மாமியார் வானொலியின் கூச்சல். நடுவில், மத்தியானம் ஒரு மணி நேரம், டாக்டரைப் பார்த்துக்கொள்வதற்கு அந்தக் கொட்டகைச் சாவி.

அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். உப்பு எங்கே, சோறு எங்கே, சட்டை எங்கே என்று கேட்காத ஓர் உயிர் எதிரே மெல்ல வாலசைத்துக்கொண்டு நிற்கும். அவளும் பார்ப்பாள், அதுவும் பார்க்கும். கல்யாண வீட்டிலும் கிடைக்காத, மாதா கோயிலிலும் கிடைக்காத ஓர் அமைதி அது. அவளுடையது என்று உலகத்தில் இருந்தது அந்தச் சாவி மட்டும்தான்.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

கட்சித் தலைவர் ஹில்டெமார், ஐஸ் கம்பெனிக்காரர். குளிர்ச்சியை விற்றுச் சூடாகப் பேசுகிறவர். அவர் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

“ஜூசிலேனி, ஊருல என்ன பேசுறாங்கன்னு காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, தலைவரே.”

“செத்துட்டாரா, இல்லையா? உள்ளதச் சொல்லு.”

“சாகல. சாப்பிடத்தான் மாட்டேங்குறாரு. கறுத்துப்போயி மூலையிலயே நிக்குறாரு.”

“ஊர்வலத்தன்னைக்கு நான் துணிய எடுக்கும்போது அவரு பளபளன்னு முன்னாடி வந்து நிக்கணும். இந்த மாதிரி கரிக்கட்டையா மூலையில நின்னா கார்டினல்காரன் பாட்டுக் கட்டியே நம்மளக் கொன்னுருவான். நின்னாருன்னா சாவி ஒங்கிட்ட. இல்லேன்னா என் மச்சினி சும்மாதான் இருக்கா, அவகிட்டக் குடுத்துருவேன். வருத்தப்படக்கூடாது.”

அந்த மச்சினி மீனுக்குத் தண்ணீர் மாற்றச் சொன்னால் சோப்புப் போடுகிற ரகம்.

டாக்டரின் பிணிக்குக் காரணம் எளியது. கட்சிதான் காரணம்.

இரண்டு மாதம் முன்பு செயற்குழு கூடி, “நம்ம தொட்டியில் நம்ம நிறம் மட்டுமே இருக்க வேண்டும்” என்று தீர்மானம் போட்டது. டாக்டருக்குத் துணையாக ஏற்கெனவே இருந்த சாம்பல் நிறச் சில்லறை மீன்களை வெளியேற்றினார்கள். பிறகு கறுப்பும் மஞ்சளுமான மீனாகத் தேடினார்கள். உடம்பில் வளையம் வளையமாகக் கறுப்பு மஞ்சள் போட்ட அராக்கு மீன்கள் வந்து சேர்ந்தன. கட்சிச் சட்டை தைத்துப் போட்டதுபோலவே இருக்கும். ஆனால் அராக்குக்கு வாய் சும்மா இராது; யார் துடுப்பு அசைந்தாலும் கடித்துப் பார்க்கும். சாப்பாடு விழுந்தால் மின்னலாக வந்து முடித்துவிட்டுப் போகும். டாக்டரோ, ஒரு துண்டை வாயில் எடுத்து, ஊதி, திரும்ப எடுத்து, யோசித்து விழுங்குகிற ஜாதி. அவர் முதல் துண்டை யோசித்து முடிப்பதற்குள் பந்தி முடிந்திருக்கும்.

அது போதாதென்று ஹில்டெமார் தன் சொந்த அன்பளிப்பாக வேறோர் ஆற்றிலிருந்து ஒரு போதோவைக் கொண்டுவந்தார். ஓடு போர்த்த, கண்ணாடியை உறிஞ்சிக்கொண்டே ஊர்கிற மீன். கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி. கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய மீன். டிஸ்கஸ் உடம்பின்மேல் ஒரு வழவழப்பு உண்டு. குஞ்சு பொரித்தால் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் மொய்த்து அதைத்தான் பால்போலத் தின்று வளரும். போதோவுக்கு அந்தப் பாலின் ருசி தெரிந்துபோயிற்று. ஜூசிலேனி ஒரு மத்தியானம் கண்ணால் பார்த்தாள். டாக்டர் அசையாமல் நிற்க, அவர் விலாவில் அந்தப் புள்ளிச் சட்டைக்காரர் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“துணைக்கு இன்னொரு டிஸ்கஸ் போடலாம், தலைவரே. இதுங்க கூட்டமா இருக்குற மீனு. தனியா நின்னா பயந்துரும்.”

“கட்சிக்கு ஒரே டாக்டருதான்” என்றார் ஹில்டெமார். “ரெண்டாவதா ஒருத்தர் வந்தா யாரு தலைவர்னு கேள்வி வரும். வேணாம்.”

சாப்பாட்டு விஷயத்தில் தலைவர் தாராளம். யாரோ வெளிநாட்டுக்காரன் சொன்னானென்று மாட்டு நெஞ்சுக்கறியைக் கொத்திக் கொண்டுவந்து கொட்டினார். மற்ற தொண்டர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மரவள்ளி மாவு, ஒருவர் சீஸ் ரொட்டி, உறுதியான கொள்கை உடைய ஒருவர் மஞ்சள் நிறம் என்பதற்காகவே முட்டைக்கரு. சுவர் ஓட்டை இதற்குத்தான் பயன்பட்டது. அராக்குகள் கொழுத்தன. மிச்சம் அடியில் அழுகித் தண்ணீர் அரிசி களைந்ததுபோலக் கலங்கியது. டாக்டர் மூலையில் கறுத்தார். ஜூசிலேனியும் உத்தமி இல்லை. பதறிப்போய்ப் பள்ளிக்கூடச் சத்துணவுக் கஞ்சியை ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தவள்தான். அன்று தொட்டி முழுவதையும் குடம் குடமாக ஆற்றுத்தண்ணீர் கொண்டுவந்து மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றி முடித்து, துணியை ஒரு பக்கம் சுருட்டி ஒதுக்கிவிட்டு, இடுப்பு ஒடிந்துபோய்ப் பெட்டியில் உட்கார்ந்தாள். புதுத் தண்ணீர் தேயிலைச் சாயம்போலச் செம்பழுப்பாக நின்றது. கூரை ஓட்டையிலிருந்து ஒரு குச்சி வெயில் இறங்கித் தொட்டிக்குள் சாய்ந்தது. அதில் தூசி சுழன்றது. அவளுக்குக் கண் சொருகியது.

தூக்கமா, விழிப்பா என்று சொல்ல முடியாத ஓர் இடம் உண்டு. கனாக்காரிக்கு அந்த இடத்தில் சொந்த வீடே இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தாள். ஓடத்தின் விளிம்பில் மோவாயை வைத்துப் படுத்திருக்கிறாள். கீழே மூழ்கிய காடு. விழுந்த மரத்தின் கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கிளைகளுக்கு நடுவே தட்டுகள், அடுக்கிவைத்ததுபோல, ஒன்றன்பின் ஒன்றாகப் பழுப்புத் தட்டுகள். எவனோ பெரிய விருந்து வைத்துப் பரிமாற மறந்துவிட்டான். மேலே மரத்திலிருந்து ஒரு பூ விழுகிறது. விழுந்த பூவை ஒரு தட்டு வந்து முகர்ந்துவிட்டுப் போகிறது. எங்கும் சத்தமில்லை. இலைகள் மெத்தையாகப் படிந்த தரைக்குமேல், சிவப்பு நூலை யாரோ இழுத்துக்கொண்டே போகிறார்கள். நூல் முடியவில்லை. கிளையைச் சுற்றி, தட்டுகளுக்கு நடுவில் புகுந்து, மறுபடி சுற்றி வருகிறது. அந்த நூல் நிதானமாக ஓடும்வரை தட்டுகள் நிதானமாக நிற்கின்றன. திடீரென்று நூல் அறுந்து சிதறுகிறது. தட்டுகளும் மறைகின்றன. மேலே ஒரு கொக்கின் நிழல்.

ஜூசிலேனி விழித்தாள். எச்சில் கன்னத்தில் வழிந்திருந்தது. எதிரே டாக்டர் அதே மூலையில்.

நூல் இல்லை. அதுதான் குறை. ஆபத்து இல்லை என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆளில்லை. பொடிசுகள் வெளியில் விளையாடிக்கொண்டிருந்தால் பெரியவர் வாசலுக்கு வருவார். தெரு வெறிச்சோடிக் கிடந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். மனிதரும் அப்படித்தான், மீனும் அப்படித்தான். அந்தப் பொடிசுகளின் பேர் கார்டினல்.

டிஸ்கஸ் கட்சித் தொட்டியில் கார்டினல்! நினைத்ததற்கே அவளுக்கு வியர்த்தது.

அன்று சாயங்காலமே செயற்குழுவின் தீர்மானத்தை அவள் தன்னந்தனியாக ரத்து செய்தாள். அராக்குகளைப் பிடித்து மாவு புரட்டிப் பொரித்தாள். மாமியார் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டாள். போதோவை வீட்டுப் பின்கட்டில் துணி ஊறவைக்கும் தொட்டிக்குக் குடிமாற்றினாள். வேற்று ஆற்று மீனை இந்த ஆற்றில் விட்டால் யாரை வம்புக்கு இழுக்குமோ என்று பயம். பிறகு கார்டினலுக்கு என்ன செய்வது என்று யோசித்தாள். மேலாற்றுக்குப் போய்ப் பிடித்துவர நாளாகும். பிடித்த சூட்டில் கொண்டுவந்து விட்டால் நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். ஓய்வெடுத்து, சாப்பிடப் பழகி, திடமாக இருக்கும் கார்டினல்கள் ஊரில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. ஆற்றங்கரையில், நசில்டாவின் ஆழமில்லாத தட்டுத்தொட்டிகளில்.

நசில்டா ஒரிஸ்மாரின் தங்கை. வாங்கி விற்பதற்காகப் பொடிமீன்களை வைத்துப் பராமரிப்பவள். அதைவிட முக்கியம், கார்டினல் கட்சியின் ஆட்டக்காரிகளுக்குத் தலைவி. திருவிழா மாதத்தில் அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பவள்.

“வாங்க அண்ணி” என்றாள், தொட்டியிலிருந்து நிமிராமலே. “வழி தவறி வந்துட்டீங்களா? இது செவப்பு வீடு.”

“கொஞ்சம் மீனு வேணும்டி.”

“என்ன மீனு?”

ஜூசிலேனி சுற்றுமுற்றும் பார்த்தாள். “இதுதான்.”

நசில்டா இப்போது நிமிர்ந்தாள். முகத்தில் மெதுவாக விடிந்தது.

“எதுக்கு? கொழம்பு வைக்கவா?”

“வெளையாடாத.”

“ஐயோ மாதாவே! ஒங்க டாக்டருக்கு எங்க பசங்க இல்லாம சோறு எறங்கலையா? அண்ணி, இத நான் யார்கிட்டயும் சொல்லாம எப்படி உசுரோட இருக்கப் போறேன்? வயிறு வெடிச்சுரும்.”

“சொன்னா சாவி போயிரும் நசில்டா.”

அதை அவள் சொன்ன தொனியில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நசில்டா சிரிப்பதை நிறுத்தினாள். அண்ணி என்பவள் தன் வீட்டில் பயறு கருக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்கு ஒரு வார்த்தை தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பவள் என்றுதான் அவளுக்குத் தெரியும். எதையாவது ஒன்றை வேண்டுமென்று கேட்டு அவள் பார்த்ததில்லை.

“வெலை என்ன?” என்றாள் ஜூசிலேனி.

“ஒங்ககிட்ட காசு வாங்குனா அது எங்கண்ணன் காசுதான? வேணாம். வேற ஒண்ணு குடுங்க.” நசில்டா கையைப் பாவாடையில் துடைத்தாள். “அரங்குல எங்க மீனு உள்ள வரும்போது நீங்க ஒரு தடவ கை தட்டணும். ஒரே தடவ. ஒங்க கட்சிக்காரங்க நடுவுல ஒக்காந்துகிட்டு.”

“பைத்தியமா ஒனக்கு?”

“ஒரே தடவ, அண்ணி. எனக்குக் கேக்கணும், அவ்ளோதான்.”

ஜூசிலேனி சரி என்றாள். கனாக்காரிகள் நாளைக்கு நடக்கப்போவதை இன்று நம்புவதில்லை.

நசில்டா, டாக்டரின் வாய்க்குள் போகாத அளவுக்கு வளர்ந்தவையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள். “பெரியவரு பசியோட இருக்காரு. பொடிசக் குடுத்தா பலகாரம்னு நெனச்சுருவாரு” என்றாள். மூடிபோட்ட சமையல் பானையில் தளும்பத் தளும்ப ஜூசிலேனி அவற்றை ஊர் நடுவே தூக்கிக்கொண்டு வந்தாள். எடில்சா கடையில் ஒருவன் கேட்டான், “என்னக்கா பானையில?” “கஞ்சி” என்றாள். பள்ளிக்கூடச் சமையல்காரியின் கஞ்சியைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வரவில்லை.

அப்புறம் நடந்தவை எல்லாம் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் நடப்பவை நடக்கும் வேகத்தில் நடந்தன. சுவர் ஓட்டையில் அவள் பலகை அடித்தாள். தொட்டியில் காய்ந்த இலைகளைப் போட்டாள், ஒரு வளைந்த கிளையைச் சாய்த்து வைத்தாள். ஆற்று இறாலைத் தோலுரித்து நுணுக்கி, வேகவைத்த கீரையும் ஒரு துண்டு பூசணியும் சேர்த்துப் பிசைந்து, கடுகளவு உருண்டைகளாக்கினாள். வைப்பதைக் கொஞ்சமாகவும் அடிக்கடியும் வைத்தாள். தின்னாததை உடனே எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் சூப்பில் கீரை கூடிப்போயிற்று என்று பிள்ளைகள் முறையிட்டன. அந்த வாரம் அவள் கைக்கு எல்லாமே டாக்டர் பத்தியம்தான்.

கார்டினல்கள் முதலில் ஒரு கொத்தாகக் கிளைக்கடியில் ஒட்டிக்கொண்டன. பிறகு கொத்து நீண்டது. நீண்டது நூலாயிற்று. நூல் கிளையைச் சுற்றியது. டாக்டர் மூலையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். மறுநாள் உடம்பின் பாதியைத் திருப்பினார். ஜூசிலேனி மூச்சுவிடவும் யோசித்து உட்கார்ந்திருந்தாள். கூரையிலிருந்து இறங்கிய வெயில் குச்சிக்குள் நூல் புகுந்து மின்னி, வெளியே வந்து அணைந்து, மறுபடி புகுந்து மின்னியது. கொட்டகை, தகரம், பக்கத்துத் தெருவில் ஒத்திகை பார்க்கும் மேளம் எல்லாம் எங்கோ மேலே, தண்ணீரின் மறுபுறம் இருப்பதுபோல மழுங்கிக் கேட்டன. அவள் இருக்கும் இடம் கீழே, இலை மெத்தையில். ஓர் உருண்டை மெல்ல இறங்கியது. ஒரு கார்டினல் அதைக் கொத்திவிட்டு விட்டது. அதற்குப் பின்னால் பெரிய நிழலாக டாக்டர் வந்தார். வாயில் எடுத்தார். ஊதினார். எடுத்தார். யோசித்தார்.

விழுங்கினார்.

அவள் அழுதாள் என்று சொன்னால் அவள் மறுப்பாள். கண்ணாடி வியர்த்ததாகச் சொல்வாள்.

ஊர்வலத்தன்று கொட்டகை முன்னால் ஊரே நின்றது. டிஸ்கஸ்காரர்கள் பக்திக்கு, கார்டினல்காரர்கள் பிணம் பார்க்க. ஹில்டெமார் மஞ்சள் சட்டையில் வந்து, துணியின் நுனியைப் பிடித்து, ஜூசிலேனியிடம் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

“நிப்பாரா?”

“நிப்பாரு. ஆனா தலைவரே, துணைக்குக் கொஞ்சம்...”

துணி விழுந்துவிட்டது.

டாக்டர் நடுத்தொட்டியில் நின்றார். பழுப்பெல்லாம் பொன்னாகி, ஓரக்கோடுகள் நீலமாய்ப் பற்றி எரிய, நடுப்பட்டை மட்டும் கறுகறுவென்று. அவரைச் சுற்றி, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாத சிவப்பிலும் நீலத்திலும், எதிர்க்கட்சி சுற்றிக்கொண்டிருந்தது.

மேளம் நின்றது. எங்கோ ஒரு குழந்தை தும்மியது.

ஹில்டெமாரின் முகம் நிறம் மாறியதைப் பார்த்தவர்கள், டிஸ்கஸ் மீனுக்கு மட்டும்தான் அந்தத் திறமை என்ற எண்ணத்தை அன்று கைவிட்டார்கள். ஆனால் ஐஸை ஆற்றங்கரையில் விற்றுப் பிழைக்கிறவருக்கு எதையும் விற்கத் தெரியும். கையை உயர்த்தினார்.

“பாருங்க! நம்ம டாக்டரு கார்டினல்களையே வேலைக்கு வச்சுட்டாரு! முன்னாடி நடக்க ஆளு, பின்னாடி நடக்க ஆளு!”

டிஸ்கஸ் கட்சி அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன, மேளம் மறுபடி கிளம்பியது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து நசில்டாவின் குரல் மேளத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“வேலையாளுங்க இல்லைங்க, தாதிங்க! எங்க பசங்க ஊட்டலேன்னா ஒங்க டாக்டருக்கு வாயே தெறக்காதாம்ல!”

கார்டினல் கட்சியும் அதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் இருபுறமும் பாட்டு தயார். இரண்டுக்கும் மெட்டு ஒன்றே. திருடியது யார் என்று இன்னும் வழக்கு இருக்கிறது. டாக்டர் செத்துப்போன வதந்தியை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது; வேறு யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஹில்டெமார் ஜூசிலேனியை ஓரமாக அழைத்தார்.

“எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டேன். அராக்கு எங்க போச்சுன்னும் கேக்க மாட்டேன்.”

“நல்லது, தலைவரே.”

“சாவிய வச்சுக்க. ஆனா கட்சியில நாலு பேரு ஒன்ன ஒரு மாதிரி பாக்குறாங்க. நாளைக்கு அரங்குல அவங்க மீனு வரும்போது ஓங் கையில ஒரு விரலு அசைஞ்சாலும் நான் ஒன்னக் காப்பாத்த முடியாது. சாவி போயிரும்.”

ஜூசிலேனி தன் கைகளைப் பார்த்தாள். இவை தன்னுடையவைதானா, கடன் வாங்கியவையா என்று பார்ப்பதுபோல.

அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்சி ஆடும்போது மறு கட்சி கல்லாக உட்கார வேண்டும். ஊளையிட்டால், சீட்டியடித்தால் மதிப்பெண் போகும். எதிரிக்குக் கைதட்டினால் என்ன தண்டனை என்று விதியில் இல்லை. அப்படி ஒரு பிறவி பிறக்கும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்தது. விளக்குகளை அணைத்தார்கள். கறுப்பு மஞ்சள் கூட்டத்தின் நடுவில் ஜூசிலேனி கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே இருட்டுக்குள்ளிருந்து கார்டினல் வந்தது. வீடு அகலத்துக்கு ஒரு மீன், உடம்பெல்லாம் சின்னச் சின்ன விளக்கு. அது வரவில்லை, மிதந்தது. ஆட்டக்காரிகள் சிவப்புத் துணியை ஆளுக்கொரு நுனி பிடித்து அதன் அடியில் அலையாக ஓடினார்கள். நூல். முடியாத நூல். டிஸ்கஸ் பக்கம் மூச்சுச் சத்தமில்லை. ஒரு கூட்டமே தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. ஜூசிலேனிக்குக் கண் சொருகியது. ஓடத்தின் விளிம்பு மோவாயில் குளிர்ந்தது. எங்கும் ஆபத்தில்லை. எல்லாரும் வெளியே வரலாம்.

பட்.

அந்த மௌனத்தில் அது துப்பாக்கி வெடித்ததுபோலக் கேட்டது.

கறுப்பு மஞ்சள் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. ஹில்டெமாரின் தலை எல்லாவற்றுக்கும் முன்னால். ஜூசிலேனி சேர்ந்திருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். மெதுவாகப் பிரித்து உள்ளே பார்த்தாள்.

“கொசு” என்றாள்.

“கொசுவா?” பக்கத்திலிருந்தவர் கிசுகிசுத்தார். “கறுப்புத் தண்ணிக் கரையில ஏதும்மா கொசு? கொசுத் தொல்லை இல்லாத ஊருன்னுதான வெளியூர்க்காரன்கிட்ட நம்ம பீத்திக்கிறோம்?”

“ஒண்ணு வந்துருச்சு. என்ன பண்ண?”

ஹில்டெமார் அவளை வெகுநேரம் பார்த்தார். டாக்டர் மறுபடி மூலைக்குப் போய்விட்டால் மச்சினியால் வெளியே வரவழைக்க முடியுமா என்று கணக்குப் போட்டிருப்பார். “கொசுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். “நானும் பாத்தேன்.” தலைவரே பார்த்த பிறகு கட்சியில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் தன்னையும் கடித்ததாகக் கழுத்தைச் சொறிந்தார். சாவி தங்கியது.

அந்த ஆண்டு ஜெயித்தது யார் என்பதை இரண்டு கட்சியும் இரண்டு விதமாகச் சொல்வதால் விட்டுவிடலாம்.

மறுநாள் நசில்டா வந்தாள். ஜூசிலேனி கொட்டகை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கடை தள்ளி ஹில்டெமார் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம்.

“அண்ணி, நேத்து கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. அது எங்களுக்குத்தான?”

ஜூசிலேனி கீரைத்தண்டை ஒடித்தாள். அரங்கில் தன் கை எதற்காகச் சேர்ந்தது என்று அவளையே கேட்டாலும் தெரியாது. கனவில் செய்ததற்கு யார் சாட்சி? ஹில்டெமாரின் காது காத்திருந்தது.

“கொசுவுக்கு” என்றாள்.

“சத்தியமா?”

“கொசுவுக்குத்தான்.”

“அப்ப எனக்கு ஒண்ணு பாக்கி.”

“பாக்கிதான்” என்று ஒத்துக்கொண்டாள் ஜூசிலேனி, தாழ்ந்த குரலில். “வச்சுக்கோ, குடுத்துருவேன்.”

மழை வந்து ஆறு ஏறிவிட்டது. தெருக்கோடியில் இப்போது ஓடம் போகிறது. கொட்டகையைத் தாண்டும்போது நசில்டா துடுப்பை மடியில் போட்டுவிட்டு, ஒரு கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டே போவாள். ஒரு கைதான்; மற்றது பாக்கி. வாசலில் நிற்கும் ஜூசிலேனி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தலைவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பாள்.